கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கோல் ஏன்? ‘ஆவியில் எளிமை’ என்றால் என்ன? 800 ஆண்டுக் கதை!

டிசம்பர் வந்துவிட்டால் வாசலில் நட்சத்திரம், வீட்டுக்குள் கேக், கடைகளில் தள்ளுபடி. இத்தனை ஜொலிப்புக்கும் நடுவே தேவாலயத்தில் ஒரு மூலையில் மட்டும் வைக்கோல் கூரை, ஒரு மாடு, ஒரு கழுதை, துணியில் சுற்றிய குழந்தை. கிறிஸ்துமஸின் மையமே இந்த மூலைதான் என்கிறது திருச்சபை. கடவுள் மனிதராகப் பிறக்க முடிவெடுத்தபோது அரண்மனையைத் தேர்ந்தெடுக்கவில்லை, மாடு தின்னும் தொட்டியைத்தான் தேர்ந்தெடுத்தார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை.

அப்படியென்றால் கிறிஸ்துமஸ் கொண்டாட பணமே இருக்கக் கூடாதா? பணக்காரர்கள் கொண்டாடுவது தப்பா? ‘ஆவியில் எளிமை’ என்று பாதிரியார்கள் சொல்கிறார்களே, அது என்ன? கேட்க சாதாரணமாக இருக்கும் இந்தக் கேள்விகளுக்காக ஒரு காலத்தில் மனிதர்களை உயிரோடு எரித்திருக்கிறார்கள். விரிவாகப் பார்க்கலாம்.

பைபிளில் குடிலே கிடையாது!

இயேசு பிறந்த இரவை விவரிப்பது லூக்கா நற்செய்தியின் 2ஆம் அதிகாரம். அதில் குடில் என்ற சொல் இல்லை. தொழுவம் இல்லை. மாடும் கழுதையும்கூட இல்லை. பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி, கால்நடைக்குத் தீனி வைக்கும் தொட்டியில் கிடத்தினார்கள், தங்கும் இடத்தில் அவர்களுக்கு இடமில்லை என்று மட்டும்தான் இருக்கிறது. தொட்டி இருந்தால் மாடு இருந்திருக்கும், மாடு இருந்தால் தொழுவம் இருந்திருக்கும் என்பதெல்லாம் பின்னால் வந்தவர்கள் கூட்டிக்கொண்டது. மாடும் கழுதையும் ஏசாயா நூலின் முதல் அதிகாரத்தில் வரும் ஒரு உவமையிலிருந்து எடுத்துவரப்பட்டவை.

அந்தத் தொட்டிக்குத் தமிழிலேயே இரண்டு பெயர் உண்டு. புராட்டஸ்டன்ட் சபைகள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் ‘முன்னணை’. அழகான சொல், ஆனால் இன்றைக்கு கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வெளியே யாரும் பயன்படுத்துவதில்லை. அதனாலேயே அது ஏதோ தொட்டில் மாதிரி காதில் விழுகிறது. கத்தோலிக்கர்கள் வாசிக்கும் திருவிவிலியம் ‘தீவனத் தொட்டி’ என்று பட்டென்று உடைத்துவிடுகிறது. மாட்டு எச்சில் பட்ட இடம் என்பது இதில்தான் உறைக்கிறது.

‘சத்திரத்தில் இடமில்லை’ என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. லூக்கா எழுதிய கிரேக்கச் சொல் ‘கடாலுமா’. கடைசி இரா உணவு நடந்த அறைக்கும் இதே சொல்லைத்தான் அவர் பயன்படுத்துகிறார். நல்ல சமாரியன் கதையில் வரும் காசு கொடுத்துத் தங்கும் சத்திரத்துக்கோ வேறு சொல். ஆகவே யோசேப்பையும் மரியாவையும் விரட்டியது கல்நெஞ்சக்கார சத்திரக்காரர் இல்லை, ஏதோ ஒரு வீட்டின் விருந்தினர் அறை நிரம்பிவிட்டதால் கால்நடைகள் கட்டும் பகுதியில் ஒதுங்கினார்கள் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கிறிஸ்துமஸ் நாடகங்களில் பாவம் திட்டு வாங்கும் அந்தச் சத்திரக்காரர், லூக்காவில் ஒரு இடத்திலும் வருவதில்லை.

இந்தக் குடும்பம் வசதி இல்லாதது என்பதற்கு தொட்டியைவிட உறுதியான சான்று அதே அதிகாரத்தில் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. குழந்தை பிறந்த பிறகு எருசலேம் கோவிலுக்குப் போகிறார்கள். யூதச் சட்டப்படி தாய் ஒரு ஆட்டுக்குட்டி காணிக்கை கொடுக்க வேண்டும். ஆட்டுக்குட்டிக்கு வழியில்லாதவர்கள் இரண்டு புறாக்கள் கொடுத்தால் போதும் என்று லேவியர் நூலின் 12ஆம் அதிகாரம் சலுகை தருகிறது. மரியா கொடுப்பது புறா ஜோடிக்கான அந்தக் காணிக்கையைத்தான். லூக்கா இதை அழுத்திச் சொல்வதில்லை. ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

1223: கிரேச்சோ கிராமத்தில் நடந்தது என்ன?

இன்று நாம் பார்க்கும் குடிலுக்கு ஒரு பிறந்த ஊர் உண்டு. ரோம் நகருக்கு வடக்கே, ரியெத்தி பள்ளத்தாக்கில் மலைச்சரிவில் இருக்கும் கிரேச்சோ. ஆண்டு 1223. ஏற்பாடு செய்தவர் அசிசி நகரத்து பிரான்சிஸ்.

பிரான்சிஸின் அப்பா பியெத்ரோ பெர்னார்தோனே வசதியான துணி வியாபாரி. மகன் செல்லமாக வளர்ந்தவர். 1206 வாக்கில் ஊர் ஆயர் முன்னிலையில், உடுத்தியிருந்த உடையைக்கூடக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டு வெளியேறினார். அதற்குப் பிறகு அவர் தனக்கென்று எதையும் சொந்தமாக வைத்துக்கொள்ளவில்லை. பின்னால் சேர்ந்த சகோதரர்களையும் வைத்துக்கொள்ள விடவில்லை.

1223 நவம்பர் 29 அன்று அவருடைய சபையின் ஒழுங்குமுறைக்கு போப் 3ஆம் ஹொனோரியுஸ் ஒப்புதல் கொடுத்தார். அடுத்த மாதமே கிறிஸ்துமஸ். பண்டிகைக்கு சுமார் 15 நாள் முன்பு, கிரேச்சோவில் இருந்த ஜியோவான்னி என்ற பிரபுவை அழைத்தார் பிரான்சிஸ். ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை, இவ்வளவும் வேண்டும் என்றார். பிறந்த குழந்தைக்கு ஒரு குழந்தைக்குத் தேவையான எதுவுமே இல்லாமல் போனதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

சில ஆண்டுகளிலேயே பிரான்சிஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய செலானோ ஊர் தாமஸ் இதை விவரிக்கிறார். அன்று இரவு ஊர் மக்கள் மெழுகுவர்த்தியும் தீப்பந்தமும் ஏந்தி வந்தார்கள். தொட்டிக்கு மேலேயே திருப்பலி நடந்தது. பிரான்சிஸ் குருவானவர் இல்லை, திருத்தொண்டர் மட்டுமே. அதனால் நற்செய்தியைப் பாடி, பிரசங்கம் செய்தார். ‘பெத்லகேம்’ என்ற பெயரைச் சொல்லும்போது ஆட்டுக்குட்டி கத்துவது போல இழுத்துச் சொன்னாராம்.

அங்கே மரியா சிலை இல்லை, யோசேப்பு சிலை இல்லை, குழந்தை பொம்மையும் இல்லை. வெறும் தொட்டி. இன்றைக்கு குடிலில் எத்தனை பொம்மை, எத்தனை சீரியல் பல்பு என்று போட்டி வைக்கும் இடங்களில் இந்தத் தகவல் யாருக்கும் பிடிக்காது. பிரான்சிஸ் காட்ட நினைத்ததே அந்த வெறுமையைத்தான். போப் பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1ஆம் தேதி இதே கிரேச்சோவுக்குப் போய், குடில் பற்றிய தன்னுடைய திருத்தூது மடலில் கையெழுத்திட்டார். அன்று சிலைகள் எதுவும் இல்லை என்பதை அந்த மடலும் குறிப்பிடுகிறது.

இதை வைத்து பிரான்சிஸை சிரிக்கவே தெரியாத சாமியார் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு வருடம் கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளி என்றால் இறைச்சி கிடையாது. அதைப் பற்றி ஒரு சகோதரர் கேட்டபோது, இன்றைக்குச் சுவர்கூட இறைச்சி தின்ன வேண்டும், முடியாவிட்டால் அதன் மேல் பூசவாவது வேண்டும் என்றாராம். பேரரசரைப் பார்க்க முடிந்தால் கிறிஸ்துமஸ் அன்று சாலைகளில் பறவைகளுக்காகத் தானியம் தூவச் சட்டம் போடச் சொல்வேன் என்பதும் அவர் ஆசை. மாட்டுக்கும் கழுதைக்கும் அன்று கூடுதல் தீனி, ஏழைகளுக்கு வசதியானவர்கள் வீட்டில் வயிறாரச் சாப்பாடு.

ஆனால் அதே கிரேச்சோவில் நடந்த இன்னொரு சம்பவமும் உண்டு. ஒரு பண்டிகை நாளில் சகோதரர்கள் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, கண்ணாடிக் கோப்பைகள் அடுக்கி வைத்திருந்தார்கள். பிரான்சிஸ் ஒரு ஏழை வழிப்போக்கனின் தொப்பியும் கைத்தடியும் எடுத்துக்கொண்டு வெளியே போய், வாசலில் நின்று பிச்சை கேட்டார். உள்ளே அழைத்ததும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். மேசையில் இருந்தவர்கள் வெட்கிப் போனார்கள். ஒரு நூல் இது கிறிஸ்துமஸ் என்கிறது, இன்னொரு நூல் ஈஸ்டர் என்கிறது. எந்தப் பண்டிகையாக இருந்தாலும் அவர் எதிர்த்தது சாப்பாட்டை இல்லை. கதவுக்கு வெளியே நிற்பவன் ஞாபகமே வராத அளவுக்கு அலங்காரம் பண்ணியதைத்தான்.

ஏழையா, ‘ஆவியில்’ ஏழையா?

இப்போது அந்தச் சொல்லுக்கு வருவோம். மலைப்பொழிவின் தொடக்கத்தில் இயேசு யாரையெல்லாம் பேறுபெற்றவர்கள் என்கிறார் என்பதை இரண்டு நற்செய்திகள் பதிவு செய்கின்றன. லூக்கா 6ஆம் அதிகாரத்தில் வெறுமனே ‘ஏழைகள்’. மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ‘ஆவியில்’ என்று ஒரு சொல் கூடுதலாக நிற்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதை ‘ஆவியில் எளிமை’ என்கிறது. திருவிவிலியம் ‘ஏழையரின் உள்ளம்’ என்கிறது. முன்னதில் ஏழ்மை, எளிமையாக மென்மைப்பட்டுவிடுகிறது. பின்னதில் ஏழை மனிதரே முன்னால் வந்து நிற்கிறார்.

மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் ‘ப்தோகோஸ்’. கிரேக்கத்தில் ஏழைக்கு இன்னொரு சொல்லும் உண்டு, ‘பெனேஸ்’. உழைத்து, சிக்கனமாக, எப்படியோ வண்டியை ஓட்டுபவர் பெனேஸ். ப்தோகோஸ் அப்படியில்லை. ஒன்றுமே இல்லாமல், கூனிக் குறுகி, இன்னொருவர் கையை எதிர்பார்த்து நிற்பவர். சங்க இலக்கியச் சொல்லில் சொன்னால் இரவலர்.

ஆக ‘ஆவியில் எளிமை’ என்பது அடக்கமாகப் பேசுவதோ, நான் ஒன்றுமில்லீங்க என்று நெளிவதோ இல்லை. என்னிடம் இருப்பதை வைத்து நானே சமாளித்துக்கொள்வேன் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, கடவுள் முன்னால் வெறுங்கையோடு நிற்பது. பணம், படிப்பு, பதவி மட்டுமல்ல, ‘நான் நல்லவன்’ என்ற நினைப்பையும் சேர்த்துக் கீழே வைப்பது. பவுல், பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் கிறிஸ்து தன்னையே வெறுமையாக்கிக்கொண்டார் என்கிறார். கிறிஸ்துமஸை இறையியலாளர்கள் புரிந்துகொள்வது பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ‘ஆவியில்’ என்று சொல்லிவிட்டால் ரொம்ப வசதி. பர்சைத் தொட வேண்டாம், மனசு எளிமையாக இருந்தால் போதும் என்று ஆகிவிடும். மத்தேயுவை மட்டும் வாசித்தால் இப்படித் தப்பிக்கலாம். பக்கத்திலேயே லூக்கா நிற்பதால் முடியாது. அவர் ஏழைகளைப் பேறுபெற்றவர்கள் என்பதோடு நிற்காமல், கொஞ்சம் கீழே செல்வர்களை நேரடியாக எச்சரிக்கவும் செய்கிறார்.

வறுமைக்காக எரிக்கப்பட்ட நால்வர்

பிரான்சிஸ் 1226இல் இறந்தார். அவருடைய சபை ஐரோப்பா முழுக்கப் பரவியது. பெரிய கட்டடங்கள் வந்தன, தானியக் களஞ்சியங்கள் வந்தன. இது பிரான்சிஸின் வழியா என்று ஒரு பிரிவினர் கொதித்தார்கள். ‘ஆன்மிகர்கள்’ என்று அழைக்கப்பட்ட இவர்கள், குட்டையான ஒட்டுப்போட்ட அங்கியோடு, சேமிப்பே இல்லாமல் வாழ்வோம் என்று பிடிவாதமாக இருந்தார்கள். போப் 22ஆம் ஜான் 1317இல், அங்கி விஷயத்திலும் களஞ்சிய விஷயத்திலும் மேலதிகாரிகள் சொல்வதைக் கேளுங்கள் என்று உத்தரவிட்டார். கேட்க மறுத்த நான்கு பிரான்சிஸ்கன் துறவிகள் 1318 மே 7ஆம் தேதி பிரான்ஸின் மார்செய் நகரில் எரித்துக் கொல்லப்பட்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. கிறிஸ்துவும் சீடர்களும் எதையும் சொந்தமாக வைத்திருக்கவில்லை என்று அடித்துச் சொல்வது திருச்சபைக் கொள்கைக்கு முரணானது என 1323 நவம்பரில் அதே போப் அறிவித்தார். கிரேச்சோவில் வெறும் தொட்டியை வைத்துக் கொண்டாடி சரியாக நூறு ஆண்டு! தொட்டியில் பிறந்தவருக்கு சொத்து இருந்ததா இல்லையா என்பது ஆணை போட்டுத் தீர்க்கும் விவகாரமாகிவிட்டது. திருச்சபையிடம் இருந்த சொத்துகள்தான் இந்த வழக்கில் உண்மையான கட்சிக்காரர் என்று சந்தேகப்படாமல் இருக்க முடியவில்லை.

இந்தக் காலத்திலேயே ஜெர்மனியில் எக்கார்ட் என்ற டொமினிக்கன் துறவி வேறு கோணத்தில் பேசிக்கொண்டிருந்தார். எதையும் விரும்பாதவன், எதையும் அறியாதவன், எதையும் வைத்திராதவன்தான் ஆவியில் ஏழை என்பது அவர் பிரசங்கத்தின் சாரம். கடவுளின் விருப்பத்தை நிறைவேற்ற வேண்டும் என்று ஒருவன் ஆசைப்பட்டால்கூட அவன் இன்னும் முழு ஏழை ஆகவில்லை என்கிறார். உள்ளம் இப்படிக் காலியானால்தான் அங்கே கிறிஸ்து பிறப்பார் என்பது எக்கார்ட்டின் கிறிஸ்துமஸ் பிரசங்கங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. இவருடைய சில கூற்றுகளையும் 1329இல் கண்டனம் செய்தவர் யார் தெரியுமா? அதே 22ஆம் ஜான்தான்.

அப்படியென்றால் வறுமை நல்லதா?

இல்லை. இதில் நிறைய பேருக்குக் குழப்பம் உண்டு. குடில் எளிமையாக இருக்கிறது, அதனால் ஏழைகள் ஏழைகளாகவே இருப்பது புனிதமானது என்று ஒரு பேச்சு அவ்வப்போது கிளம்பும். பெரும்பாலும் வசதியானவர்களிடமிருந்து.

இந்த முடிச்சைத் தெளிவாக அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் பெரு நாட்டுப் பாதிரியார் குஸ்தாவோ குதியேரெஸ். 2024 அக்டோபரில் காலமானார். 1971இல் வெளியான ‘விடுதலை இறையியல்’ நூலில் அவர் வறுமையை மூன்றாகப் பிரித்தார். பசி, நோய், வேலையின்மை என்று மனிதர்களை நசுக்கும் பொருள் வறுமை ஒன்று. அது தீமை, கடவுள் அதை விரும்பவில்லை. கடவுளைச் சார்ந்து குழந்தை போலத் திறந்த மனத்தோடு இருக்கும் ஆன்மிக வறுமை இரண்டாவது. மூன்றாவது, ஏழைகளோடு ஏழையாக நின்று அந்த வறுமையை எதிர்ப்பது.

இந்தக் கணக்குப்படி, தீவனத் தொட்டியில் ஒரு குழந்தை கிடப்பது ரசிக்க வேண்டிய காட்சி இல்லை. அந்தக் குழந்தைக்கு நல்ல இடம் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்காதவர்களின் பக்கம் கடவுள் வந்து படுத்துக்கொண்டார் என்பதுதான் செய்தி. 2023 கிறிஸ்துமஸுக்கு பெத்லகேமில் உள்ள லூத்தரன் தேவாலயம் ஒன்று, வைக்கோலுக்குப் பதிலாக உடைந்த கான்கிரீட் கற்களைக் குவித்து அதன் நடுவே குழந்தை இயேசுவை வைத்தது. காசா போர் நடந்துகொண்டிருந்த நேரம். அந்தப் படம் உலகம் முழுக்கப் பரவியது. குடில் என்றால் என்ன என்று கிரேச்சோவுக்குப் பிறகு இவ்வளவு நேரடியாகக் கேட்ட குடில்கள் குறைவு.

குனிந்தால்தான் உள்ளே போகலாம்!

இயேசு பிறந்ததாக நம்பப்படும் இடத்தில் நிற்கும் பெத்லகேம் பிறப்புத் தேவாலயம், உலகின் மிகப் பழைய தேவாலயங்களில் ஒன்று. 4ஆம் நூற்றாண்டில் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் கட்டப்பட்டு, 6ஆம் நூற்றாண்டில் மறுபடி கட்டப்பட்டது. 2012 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். இவ்வளவு பெரிய தேவாலயத்துக்கு வாசல் எவ்வளவு உயரம் தெரியுமா? சுமார் 4 அடிதான். பெரியவர்கள் யாராக இருந்தாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். சின்னப் பிள்ளைகள் நிமிர்ந்தபடியே போய்விடலாம்.

‘தாழ்மையின் வாசல்’ என்று இதற்குப் பெயர். ஆனால் தாழ்மைக்காக இதைக் கட்டவில்லை. கொள்ளையடிக்க வருபவர்கள் குதிரையோடும் வண்டியோடும் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக வாசலைச் சுருக்கினார்கள் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். முன்பு இருந்த பெரிய வாசலின் விளிம்பும், சிலுவைப்போர்க் காலத்து வளைவும் அந்தச் சுவரில் இன்னும் தெரிகின்றன.

வாசலில் குனிந்தவர்கள் உள்ளே போனதும் நிமிர்ந்துவிடுகிறார்கள் என்பது வேறு கதை. கிரேக்க ஆர்த்தடாக்ஸ், ஆர்மீனியர், கத்தோலிக்க பிரான்சிஸ்கன்கள் என மூன்று தரப்பு இந்த வளாகத்தைப் பங்குபோட்டு நிர்வகிக்கிறது. எந்தத் தூணை யார் துடைப்பது, எந்தப் படியை யார் பெருக்குவது என்பதற்கெல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் வழக்கம் உண்டு. பிறந்த இடத்தைக் குறிக்கும் வெள்ளி நட்சத்திரம் 1847இல் காணாமல் போனது, கிரிமியப் போருக்கு இட்டுச்சென்ற சண்டைகளில் ஒன்றாக மாறியது. 2011 டிசம்பரில், பண்டிகைக்காகச் சுத்தம் செய்துகொண்டிருந்த கிரேக்க, ஆர்மீனியத் துறவிகள் எல்லை தாண்டிவிட்டதாகச் சொல்லி துடைப்பக் கட்டைகளால் அடித்துக்கொண்டார்கள். போலீஸ் வந்து விலக்க வேண்டியதாயிற்று.

ஒரு தட்டு காலியாக இருக்கட்டும்

இந்தப் பெரிய இறையியலை எல்லாம் சாதாரண மக்கள் எப்படிக் கடைப்பிடிக்கிறார்கள்? போலந்தில் டிசம்பர் 24 இரவு விருந்துக்குப் பெயர் விகிலியா. வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் உட்காருவார்கள். இறைச்சி கிடையாது. மேசை விரிப்புக்கு அடியில் கொஞ்சம் வைக்கோல். வீட்டில் எத்தனை பேரோ அதைவிட ஒரு தட்டு கூடுதலாக வைப்பார்கள். அழைக்காமல் யாராவது வந்து கதவைத் தட்டினால் அவருக்கு. உண்மையிலேயே தட்டினால் எத்தனை வீடுகள் திறக்கும் என்று போலந்துக்காரர்களே கேட்டுக்கொள்வதுண்டு.

மெக்சிகோவில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் ‘போசாடாஸ்’. மரியா, யோசேப்பு போல ஊர்வலமாகப் போய் வீடு வீடாக இடம் கேட்டுப் பாடுவார்கள். உள்ளே இருப்பவர்கள், இடமில்லை போங்கள் என்று பாட்டிலேயே துரத்துவார்கள். கடைசி வீடு கதவைத் திறக்கும், அப்புறம் ஒரே கொண்டாட்டம். ஒரே தெருக்காரர்கள் இன்று இடம் கேட்பவர்களாகவும் நாளை விரட்டுபவர்களாகவும் மாறி மாறி நடிப்பதில்தான் இதன் சூட்சுமம் இருக்கிறது.

ரோம் நகரின் த்ராஸ்தேவெரே பகுதியில் சாந்த எஜிதியோ என்ற அமைப்பு 1982இல் ஒரு வேலை செய்தது. கிறிஸ்துமஸ் மதியம் சாந்தா மரியா தேவாலயத்துக்குள்ளேயே மேசைகளைப் போட்டு, வீடில்லாதவர்களையும் தனியாக இருக்கும் முதியவர்களையும் கூப்பிட்டு விருந்து வைத்தது. வெளியே வரிசையில் நிற்கவைத்துப் பொட்டலம் கொடுக்கவில்லை, உள்ளே உட்காரவைத்துப் பரிமாறினார்கள். முதல் வருடம் வந்தவர்கள் ஏறக்குறைய 20 பேர். இன்று பல நாடுகளில் அந்த விருந்து நடக்கிறது. த்ராஸ்தேவெரேயில் டிசம்பர் 25 அன்று இப்போதும் அதே தேவாலயத்துக்குள்தான் மேசை போடுகிறார்கள்.